மாமாவுக்குக் கொண்டுபோன சேதி

எங்கள் கறுங்கல் பூமியில் வழியில் எதிர்ப்பட்ட இரண்டு பேர் சும்மா கையை ஆட்டிவிட்டுப் போய்விட முடியாது. உட்கார வேண்டும். எங்கே புல் இருக்கிறது, எங்கே மேகம் திரண்டது, யார் வீட்டு ஒட்டகம் கன்று போட்டது, யாரைக் கண்டாய், என்ன கேட்டாய் என்று ஒருவர் சொல்ல மற்றவர் கேட்க வேண்டும். அப்புறம் கேட்டவர் சொல்ல வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, கேட்ட கேள்விக்கு மழுப்பக் கூடாது. இதற்குத் தாகு என்று பேர். தலை போகிற அவசரமாக இருந்தாலும் தாகு முடிந்த பிறகுதான் தலை போக வேண்டும்.

அப்படிப்பட்ட பூமியில் மோமினா ஒரு ஆளிடம் மட்டும் எட்டு வருஷமாகச் சேதி கொடுக்காமலும் வாங்காமலும் காலம் தள்ளியிருந்தாள் என்றால், அதுவும் ஒரு சாமர்த்தியம்தான். முகத்துக்கு முகம் பார்த்தால்தானே உட்கார வேண்டும்? தூரத்தில் அவன் நடை தெரிந்தாலே போதும், ஆடுகளை மேட்டுக்கு அந்தப் பக்கம் திருப்பிவிடுவாள். அவன் பேர் யாயோ. அவளுடைய தாய்மாமன் மகன்.

எங்களில் அத்தை மகள் என்றால் உரிமை. மோமினா பிறந்த அன்றைக்கே அவள் யாயோவுக்கு என்று ஆகிவிட்டது. வளர்ந்தபின் மாட்டேன் என்று நின்றாள். யாயோ மேல் குறை ஒன்றும் இல்லை. உப்பு ஏற்றப் போகும் ஹெலெம் மேல் ஆசை இருந்தது, அவ்வளவுதான். அவன் ஒட்டகத்துக்குப் பாடுகிற பாட்டைக் கேட்டால் அவளுக்குச் சிரிப்பு அடங்காது. பெரியவர்கள் மரத்தடியில் கூடிப் பேசி, ஹெலெம் பக்கத்து ஒட்டகங்களை ஈடாக மாமா வீட்டுக்கு ஓட்டிவிட்டார்கள். மாமா கதாஃபோ ஒட்டகங்களை வாங்கிக்கொண்டார். ஆனால் எல்லார் முன்னாலும் சத்தியம் செய்தார்.

"அந்தப் புள்ள வாயால ஒரு சேதியும் நான் கேக்க மாட்டேன். எம் மகனும் அவ வீட்டு வாசல மிதிக்க மாட்டான்."

இங்கே ஒருவர் வாயிலிருந்து சேதி கேட்க மாட்டேன் என்பது கன்னத்தில் அறைவதைவிட மோசம். அதே வருஷம் அவள் அம்மா மவுத்தானபோது மாமா வந்தார், தன் கையாலேயே குழி வெட்டினார், தங்கையை மண்ணில் இறக்கினார். அழுதுகொண்டு நின்ற மோமினாவைக் கல்லைத் தாண்டுவதுபோலத் தாண்டிக்கொண்டு போனார். அன்றிலிருந்துதான் அவளும் வீம்பு பிடித்தாள்.

இந்த வருஷம் அசால் உப்பு ஏரிக்குப் போன ஹெலெம் திரும்பவில்லை. கூடப் போனவர்கள் வந்துவிட்டார்கள். வழியில் மண்காற்று அடித்ததாம். கண் திறந்து பார்த்தால் ஹெலெமும் அவன் ஒட்டகமும் இல்லையாம். தேடினார்களாம், தண்ணீர் தீர்ந்ததும் வேறு வழியில்லாமல் வந்துவிட்டார்களாம். சொன்னவர்கள் அவள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தே சொன்னார்கள். அதன்பின் அந்தப் பக்கமிருந்து யார் வந்தாலும் மோமினா ஓடிப்போய் உட்கார்ந்தாள். புல்லைப் பற்றிச் சொன்னார்கள், வெயிலைப் பற்றிச் சொன்னார்கள். ஹெலெமைப் பற்றி யாரிடமும் ஒரு சொல் இல்லை. எங்கள் பக்கத்தில் ஒரு மனுஷனைப் பற்றிச் சேதியே இல்லையென்றால் அதற்கு என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் அவள் ஒரு தப்பைச் செய்தாள். முள்மரப் பள்ளத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தபோது கிழக்கிலிருந்து ஒட்டகத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவன் வந்தான். நடையைப் பார்த்ததுமே யாயோ என்று தெரிந்துவிட்டது. அவள் பழக்கப்படி ஆடுகளை மேட்டுக்குத் திருப்பினாள். கூட இருந்த தஹாரா, ஹெலெமின் தங்கை, கோலை ஊன்றி நின்றுவிட்டாள். புருஷனை இழந்து அண்ணன் வீட்டோடு இருப்பவள். வாய் மட்டும் யாருக்கும் அடங்காது.

"மதினி, அவன் கிழக்கேர்ந்து வர்றான். எங்கண்ணன் போன திசை."

"அவன்கிட்ட என்ன சேதி இருக்கப் போவுது? எங்க ஒட்டகம் செத்துச்சுன்னு சந்தோஷமா சொல்லுவான்."

"சந்தோஷமாச் சொன்னா என்ன, துக்கமாச் சொன்னா என்ன? சேதி சேதிதான?"

"நீ வேணா போய் உக்காரு. நான் வரல."

தஹாராவுக்கும் போக மனசு வரவில்லை. அண்ணன் பொண்டாட்டியைத் தனியே விட்டுவிட்டு அவளோடு பேசாத வீட்டு ஆளிடம் எப்படிப் போய் உட்காருவது? இரண்டு பேரும் மேட்டுக்குப் பின்னால் போனார்கள். அவன் போய்விட்டான் என்று தெரிந்ததும் மோமினா ஆடுகளை மறுபடி பள்ளத்துக்கே திருப்பினாள்.

தோற்பைகள் வற்றிப்போன காலையில் இருவரும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஆவிக்கூட்டுக்கு வந்தார்கள். பாறை வெடிப்பில் பூமி மூச்சு விடுகிற இடம் அது. அந்த மூச்சின் மேல் கல் அடுக்கி, தழை போட்டு, மண் பூசி மூடியிருக்கும். ராக் குளிரில் ஆவி கல்லில் பட்டுச் சொட்டுச் சொட்டாகக் கீழே களிமண் குழியில் இறங்கும். விடியும்போது ஒரு குடும்பத்துக்கு ஆகிற தண்ணீர் இருக்கும். கட்டியது மாமாவின் ஆட்கள். கட்டியவருக்குச் சொந்தம் என்றாலும் தொண்டை வறண்ட மனுஷருக்கு இல்லையென்று சொல்ல அவர்களுக்கும் உரிமை கிடையாது. மோமினா அதை நம்பித்தான் வந்தாள்.

வந்தால், கூட்டுக்குப் பக்கத்தில் யாயோ உட்கார்ந்திருந்தான்.

சுற்றிலும் கறுங்கல். மேடு இல்லை, பள்ளம் இல்லை. ஆடுகள் தண்ணீர் வாடை பிடித்து முன்னால் ஓடிவிட்டன. அவன் எழுந்து நின்று நேராக அவள் முகத்தைப் பார்த்தான். இனி ஒளிய இடமில்லை.

"உக்காரு புள்ள," என்றான்.

மோமினா உட்கார்ந்தாள். முதுகில் கட்டியிருந்த பிள்ளையை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டாள். தஹாரா பக்கத்தில் குந்தினாள். வந்தவர்களுக்கு முதலில் ஆளுக்கொரு குவளை தண்ணீர் மொண்டு கொடுத்துவிட்டு யாயோ ஆரம்பித்தான். முறைப்படி புல்லிலிருந்து.

"தோபி வெளிக்குக் கிழக்கே புல் இல்ல. ஓடைக்கு மேல முள்ளு கொஞ்சம் துளிர்த்திருக்கு. ஆடு கடிக்கும், ஒட்டகம் மூஞ்சியத் திருப்பிக்கும். மேகம் பாத்தேன், நிக்கல. தெர்ஸா வீட்டுல ஒட்டகம் பொட்டக்கன்னு போட்டிருக்கு. தாயும் கன்னும் சுகம்."

"அல்லாவுக்கு நன்றி," என்றாள் மோமினா. தாகுவில் அப்படித்தான் சொல்ல வேண்டும். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"அப்புறம் உப்பு வழிய விட்டு வடக்கே ஒதுங்கி நடந்தேன். கழுகு வட்டம் போட்டுச்சு. போய்ப் பாத்தேன். செத்த ஒட்டகம். காதுல ரெண்டு வெட்டு. கழுத்துல சூடு..."

தஹாராவின் விரல்கள் மோமினாவின் முழங்கையில் பதிந்தன. காதில் இரண்டு வெட்டும் கழுத்தில் சூடும் யார் வீட்டு அடையாளம் என்று அங்கே உட்கார்ந்திருந்த மூன்று பேருக்கும் தெரியும். குறுக்கே கேள்வி கேட்கக் கூடாது. மோமினா பிள்ளையின் தலைத்துணியைச் சரிசெய்தாள், மறுபடி சரிசெய்தாள். யாயோ அவள் முகத்தைப் பார்த்தான். சட்டென்று நிறுத்தினான்.

"வரிசைய விட்டுட்டுச் சொல்றேன், அல்லா மன்னிக்கட்டும். உம் புருஷன் உசிரோட இருக்கான்."

மோமினாவுக்குக் காது அடைத்துப்போயிற்று. தஹாரா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆடுகள் குழியை முட்டின. யாயோ எழுந்துபோய் ஆடுகளை விரட்டிவிட்டு வந்தான். அவனுக்கும் அந்த இடைவெளி வேண்டியிருந்தது போலிருக்கிறது.

முதலில் தேறியது தஹாராதான். "இனி முறைப்படி சொல்லு. ஒண்ணையும் விடாத."

"பாறை நிழல்ல கெடந்தான். கால் ஒடிஞ்சிருந்துச்சு. ஒட்டகம் மேல விழுந்திருக்கு. உதடு வெடிச்சு, நாக்கு தடிச்சு, பேர் சொல்லவே முடியல. அந்தப் பக்கமா ஒரு ஆள் போனான். தண்ணி குடுத்தான். காலுக்குக் கட்டை வச்சுக் கட்டி, ஒட்டகத்துல ஏத்தி, ஓடைக்கரையில எலும்பு கட்டுறவர் வீட்டுல சேத்தான். நான் பாக்கும்போது கஞ்சி குடிச்சிட்டு இருந்தான். பாட்டு வேற. கேக்கச் சகிக்கல."

பாட்டு என்றதும் மோமினாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பொய்யாக இருக்க முடியாது. அது ஹெலெம்தான்.

"அந்த ஆளுக்குப் பேரு இல்லையா?" என்றாள் தஹாரா.

"இருக்கும்."

"எந்தக் குலம்?"

"நம்ம பக்கந்தான்."

"யாரு மகன்?"

யாயோ கால் விரலைப் பார்த்தான். கேட்ட பிறகு மழுப்ப முடியாது. "கதாஃபோ மகன்," என்றான்.

"எனக்குத் தெரிஞ்சு கதாஃபோவுக்கு ஒரே மகன்தான்," என்றாள் தஹாரா. "அதுவும் இப்படி ஒண்ணு."

மோமினா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னைக்குப் பள்ளத்துல மச்சான்..."

"உன்னத் தேடித்தான் வந்தேன். நீ ஆட்டத் திருப்பிட்ட."

"கூப்பிட்டிருக்கலாம்ல?"

"கூப்பிட்டேன். காத்து எதிர்ல. பின்னாலயே வரலாம்னா உன் வீட்டு வாசல் வரைக்கும் வரணும், அப்பாவோட சத்தியம் நடுவுல நிக்குது. எப்படியும் தண்ணிக்கு இங்கதான வருவன்னு வந்து உக்காந்துட்டேன். நேத்தே வருவன்னு நெனச்சேன். சிக்கனமாத்தான் தண்ணி செலவழிக்கிற."

ஒரு மேட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, புருஷன் உயிரோடு இருக்கிற சேதியைத் தானே விரட்டியடித்ததை நினைத்து மோமினாவுக்கு வெட்கம் பிடுங்கியது. அதைவிட நன்றி பெரிதாக இருந்தது. "உன் கால்ல விழணும் மச்சான்," என்றாள்.

"விழாத. கல்லு குத்தும்," என்றான் அவன்.

அவள் தொழ எழுந்தாள். தொழுகைக்கு முன் தண்ணீருக்குப் பதில் கையிலும் முகத்திலும் தடவ வழக்கம்போல மண்ணைத் தொடக் குனிந்தவளை யாயோ தடுத்து, குவளையில் தண்ணீர் நீட்டினான். "இன்னைக்கு மண்ணு வேண்டாம். தண்ணியில கழுவிட்டு நன்றி சொல்லு." அவள் சொட்டுச் சொட்டாக ஊற்றிக் கழுவினாள். நெற்றியைக் கறுங்கல்லில் வைத்து, எழ மனமில்லாமல் நெடுநேரம் கிடந்தாள். எழுந்ததும் ஓர் ஆட்டைப் பிடித்துப் பால் கறந்து, முதல் கைப்பாலை ஆவி வருகிற வெடிப்பில் ஊற்றினாள். அவள் அம்மாவும் அப்படித்தான் செய்வாள். கடைத்தெரு மௌலவி பார்த்தால் கோபிப்பார். கோபிக்கட்டும். அந்த மூச்சை விடவைப்பவனும் அல்லாதானே, அவனுக்குத் தெரியாதா இவள் யாருக்கு நன்றி சொல்கிறாள் என்று?

ஆடுகளைத் தானும் தஹாராவும் பார்த்துக்கொள்வதாக யாயோ சொன்னான். ஒரு தோற்பையை நிரப்பிக் கொடுத்தான். மோமினா பிள்ளையைக் கட்டிக்கொண்டு ஓடைக்கரைக்குக் கிளம்பினாள். கால் தரையில் பாவவில்லை.

பாதி வழியில் எதிரே மாமா கதாஃபோ வந்தார். வீட்டுக்கு வராத மகனைத் தேடி வருகிறார் என்று பார்த்ததும் புரிந்தது. அவளைக் கண்டதும் அவர் ஒதுங்கித் தாண்டப் பார்த்தார். இன்றைக்கு மோமினாவுக்குள் இருந்த நன்றி அவளைச் சும்மா விடவில்லை. வழியை மறித்து உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க கேக்க வேண்டாம் மாமா. நான் இந்தக் கல்லுக்குச் சொல்றேன்."

அவர் நின்றார். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். போகவில்லை. அவள் புல்லிலிருந்து ஆரம்பித்தாள். தெர்ஸா வீட்டுக் கன்று, கழுகு, ஒட்டகம், ஒடிந்த கால் என்று ஒன்றையும் விடவில்லை. தான் பள்ளத்தில் ஆட்டைத் திருப்பியதையும் சொன்னாள். தண்ணீர் கொடுத்தவன் பேரைச் சொன்னபோது அவர் தோள் லேசாக அசைந்தது. சொல்லி முடித்தாள். அப்புறமும் அவர் போகவில்லை.

"அவனுக்குத் தண்ணி இருந்துச்சா?" என்று கேட்டார்.

எட்டு வருஷத்தில் அவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி.

"யாருக்கு மாமா?"

"எம் மகனுக்கு. அந்த வழியில ஒரு பைக்கு மேல யாரும் கொண்டுபோறதில்ல. உம் புருஷனுக்குக் குடுத்தான் சரி. அவன் என்ன குடிச்சான்?"

"நான் கேக்கல மாமா," என்றாள் மோமினா. தாகுவில் கேட்காமல் விட்டதற்கு எங்களில் மன்னிப்பு கிடையாது. தன் புருஷன் பிழைத்த சந்தோஷத்தில் பிழைக்கவைத்தவனைப் பற்றி ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லையே என்று அவளுக்கு நெஞ்சு சுட்டது. "நீங்க அங்கதான போறீங்க, அவன்கிட்டயே..."

"அவன்கிட்டக் கேட்டா எங்கிட்ட மழுப்புவான். நான் அப்பன். உம் புருஷன்தான் கூட இருந்து பாத்தவன்." அவர் இப்போது திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். கண் சிவந்திருந்தது. "கேட்டுட்டு வா. நான் ஆவிக்கூட்டுலதான் இருப்பேன். வேற ஆளுக்கிட்டச் சொல்லி அனுப்பாத. நீயே வந்து சொல்லணும்."

ஓடைக்கரைக்கு அவள் வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பாய்க்குடிசை வாசலில் காலை நீட்டிக்கொண்டு ஹெலெம் படுத்திருந்தான். பாதி ஆளாகியிருந்தான். அவளைப் பார்த்ததும், "வந்துட்டியா? ஒட்டகம் போச்சு, பாட்டு மிச்சம்," என்றான். அவள் பிள்ளையை அவன் மார்பில் போட்டாள். அவன் கையைப் பிடித்து முகத்தோடு வைத்துக்கொண்டாள். எலும்பு கட்டுபவரின் மனைவி கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, பார்க்காததுபோல உள்ளே போய்விட்டாள். நல்ல மனுஷி.

அழுது முடித்ததும் மோமினா கேட்டாள். "யாயோ மச்சான் என்ன குடிச்சாரு?"

ஹெலெம் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தான்.

"யாரு கேக்கறா?"

"மாமா."

"உன்கிட்டயா கேட்டாரு?" அவன் நம்பமுடியாமல் பார்த்தான். அப்புறம் சொன்னான். "ஒரே பை. எனக்கு ஊத்துவான், அப்புறம் தன் வாயில வச்சு அண்ணாந்து பாப்பான். முதல்ல நானும் குடிக்கறான்னுதான் நெனச்சேன். பொறவு பாத்தா தொண்டை அசையல. வழி பூரா அப்படித்தான் வந்தான். அவன் ஒட்டகத்துல நான், அவன் நடை. நீயும் குடி யாயோன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். வாய் வரல எனக்கு. உசிரு ஆசை. பாக்காத மாதிரி இருந்துட்டேன்."

மோமினா அவன் கையை விடவில்லை.

"அதையும் சொல்லணுமா?" என்றான் ஹெலெம்.

"குறைச்சுச் சொல்லக் கூடாதே."

"சரி, சொல்லு. நானே சொன்னேன்னு சொல்லு. நான் வெக்கப்பட்டதையும் சேத்துச் சொல்லு."

மறுநாள் கருக்கலில் பிள்ளையை அவனிடமே விட்டுவிட்டு அவள் கிளம்பினாள். ஆவிக்கூட்டை நெருங்கியபோது கதாஃபோ அவள் வரும் திசையைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார். சற்றுத் தள்ளி யாயோ சரிந்த கல்லை அடுக்கிக்கொண்டிருந்தான். அவன் அடுக்கியதில் தஹாரா குறை சொல்லிக்கொண்டிருந்தாள். மாமா தனக்கு எதிரே இடம் காட்டினார். மோமினா உட்கார்ந்து, புல்லிலிருந்து ஆரம்பித்து, அசையாத தொண்டையில் கொண்டுவந்து முடித்தாள். ஹெலெமின் வெட்கத்தையும் விடாமல் சொன்னாள். முடிந்ததும், "அல்லாவுக்கு நன்றி," என்றார்.

எழுந்துபோய்க் குழியில் ஒரு குவளை மொண்டார். கொண்டுவந்து மோமினா கையில் கொடுத்தார்.

"நீயே குடு அவனுக்கு. உங்கையால குடு."

அவள் குவளையை யாயோவிடம் நீட்டினாள். அவனுக்கு முகமெல்லாம் கூச்சம். "நான் காலையிலயே குடிச்சாச்சு," என்றான்.

"குடிடா," என்றார் கதாஃபோ. "நான் பாக்கணும்."

யாயோ வாங்கி அண்ணாந்தான். மூன்று பேரும் அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. மோமினாவுக்குக் கண் நிறைந்து ஒன்றும் தெரியாமல் போயிற்று. குவளை காலியானதும் மாமா அதை வாங்கி அவளிடம் கொடுத்தார்.

"இன்னொரு குவளை மொண்டு குடும்மா," என்றார்.